வேலை போன பின் வேலை எங்கே இருக்கிறது?

2025 ஜூலை கடைசியில் டி.சி.எஸ். நிறுவனம் தன் ஊழியர்களில் 2 சதவீதம் பேரை, அதாவது சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. அப்போது அங்கே 6,13,000 பேர் வேலையில் இருந்தார்கள். நடுத்தர, மூத்த நிலைகளில் இருப்பவர்களைத்தான் இது அதிகம் பாதிக்கும் என்பதையும் நிறுவனமே சொல்லிவிட்டது. செப்டம்பர் காலாண்டு முடிந்தபோது, தாமாக விலகியவர்களையும் சேர்த்து, ஊழியர் எண்ணிக்கை 19,755 குறைந்திருந்தது. பழைய மகாபலிபுரம் சாலையின் இரு பக்கமும் கடன் வாங்கி அடுக்குமாடியில் குடியேறியிருக்கும் குடும்பங்கள் அந்தச் செய்தியைப் படித்த விதமே வேறு.

படித்து முடித்து முதல் வேலை தேடும் பிள்ளைகளைப் பற்றி நிறைய எழுதப்படுகிறது. இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது இல்லை. வயது 35க்கும் 48க்கும் நடுவே. பன்னிரண்டு முதல் இருபது வருட அனுபவம். வீட்டுக்கடன், ஸ்கூல் ஃபீஸ், பெற்றோரின் சர்க்கரை நோய்க்கும் இதயத்துக்கும் மாத மருந்து. இப்படி ஒருவருக்கு வேலை போனால் அடுத்த வேலை எங்கிருந்து வரும் என்பதுதான் கேள்வி. உறவினர், நண்பர், யூடியூப் என எல்லாரும் அவருக்குச் சொல்லும் பதில் ஒன்றே: "ஏ.ஐ. படிங்க." படிக்கட்டும், நல்லதுதான். ஆனால் அது பாதிப் பதில். இத்தனை வருடமாக எந்தத் தொழிலுக்கு மென்பொருள் செய்தாரோ அந்தத் தொழிலைப் பற்றி அவருக்குத் தெரிந்திருப்பதுதான் அவருடைய பெரிய சொத்து. அடுத்த வேலை பெரும்பாலும் அதற்குத்தான் கிடைக்கும் என்பது என் முடிவு. அதைச் சந்தைக்குக் கொண்டுபோக அவருக்குச் சில மாத அவகாசம் வேண்டும். அந்த அவகாசத்தை எப்படிச் சம்பாதிப்பது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

எதனால் நடக்கிறது

முதலில் காரணத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. வேலை போனவர் "நான்தான் சரியில்லையோ" என்று தன்னையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொள்கிறார்.

2021–22 நிதியாண்டில் டி.சி.எஸ். மட்டும் நிகரமாக 1,03,546 பேரைக் கூடுதலாகச் சேர்த்தது. கொரோனாவுக்குப் பிறகு உலகம் முழுக்க எல்லாவற்றையும் இணையத்துக்குக் கொண்டுபோகும் அவசரம் இருந்தது. 2022 ஜூன் காலாண்டில் இன்ஃபோசிஸில் விலகுவோர் விகிதம் 28.4 சதவீதத்தைத் தொட்டது. பாதிச் சம்பளம் கூட்டித் தருகிறோம் என்று கூப்பிட்டு ஆள் எடுத்த காலம் அது. 2022 மார்ச்சில் அமெரிக்க மத்திய வங்கி வட்டியை உயர்த்தத் தொடங்கியதும் காற்று திசை மாறியது. அந்த நவம்பரில் மெட்டா 11,000 பேரை அனுப்பியது. 2023 ஜனவரியில் கூகுள் 12,000, மைக்ரோசாஃப்ட் 10,000, அமேசான் 18,000 என்று வரிசையாக அறிவித்தன. ஆராய்ச்சி, மேம்பாட்டுச் செலவை அந்த வருடமே கழித்துக்கொள்ள முடியாது, உள்நாட்டில் செய்ததை 5 வருடத்துக்கும் வெளிநாட்டில் செய்ததை 15 வருடத்துக்கும் பிரித்துத்தான் காட்ட வேண்டும் என்ற அமெரிக்க வரி விதி 2022இல் அமலுக்கு வந்தது. மென்பொருள் எழுதுவோரின் சம்பளமும் அந்தக் கணக்கில் வந்தது. நம் ஊரில் இதை யாரும் அதிகம் பேசவில்லை.

சாட்ஜிபிடி வந்தது 2022 நவம்பர் 30 அன்று. மேலே சொன்ன அலை அதற்கு முன்பே கிளம்பிவிட்டது. ஏ.ஐ.யின் பங்கு உண்மையானது, இனி கூடவும் போகிறது. ஆனாலும் நடந்த ஆள்குறைப்பு முழுவதையும் அதன் தலையில் கட்டுவது கணக்குக்கு ஒத்துவராது.

இந்தியச் சேவை நிறுவனங்களின் அமைப்பிலேயே வேறொரு காரணம் இருக்கிறது. வாடிக்கையாளரிடம் ஆள் கணக்கில் பில் போடும் தொழில் இது. கீழே ஃப்ரெஷர்கள் அகலமாகவும் மேலே மூத்தவர்கள் குறுகலாகவும் இருந்தால்தான் லாபம். வளர்ச்சி நின்றால் நடு அடுக்கு பருத்துவிடும். 2025 ஜூனில் டி.சி.எஸ். கொண்டுவந்த விதிப்படி ஒருவர் வருடத்தில் 225 நாள் பில் ஆகும் ப்ராஜெக்டில் இருக்க வேண்டும், ப்ராஜெக்ட் இல்லாமல் காத்திருக்கும் 'பெஞ்சில்' 35 நாளுக்கு மேல் இருக்கக்கூடாது. ப்ராஜெக்ட் முடிந்து, சம்பளம் கூடுதல் என்பதற்காகவே வேறு மேனேஜர் எடுக்கத் தயங்கும் 40 வயதுக்காரர் இந்த விதியில் சிக்குவார். அவருடைய திறமை அங்கே அளக்கப்படவே இல்லை.

கையெழுத்துக்கு முன்

ஹெச்.ஆர். கூப்பிடுவார். சிறிய மீட்டிங் அறை, மேஜையில் தண்ணீர் பாட்டில். "நீங்களே ரிசைன் பண்ணிட்டா ரிலீவிங் லெட்டர் சுத்தமா வரும், இல்லன்னா டெர்மினேஷன்னு போடவேண்டி வரும்" என்பார்கள். பத்து வருடம் உழைத்தவர் பதினைந்து நிமிடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார். அடுத்த வேலையின் தரத்தைத் தீர்மானிக்கும் முதல் இடம் அந்த அறைதான் என்று நான் நினைக்கிறேன். கையில் எத்தனை மாதத்துக்குப் பணம் இருக்கிறதோ அத்தனை மாதம்தான் நல்ல வேலைக்காகக் காத்திருக்க முடியும்.

அன்றே கையெழுத்துப் போட வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. "படிச்சுப் பார்த்துட்டு ரெண்டு நாள்ல சொல்றேன், விவரத்தை மெயிலில் அனுப்புங்க" என்று சொல்லலாம். தாமாக விலகியதாக எழுதிக் கொடுத்தால் ஆள்குறைப்புக்கான சட்டப்படி இழப்பீட்டைக் கேட்கும் வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும். 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரி ஊதியமும் ஒரு மாத நோட்டீஸும் தரச் சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்திலும் இந்த இழப்பீடு இருக்கிறது. அதோடு, நீக்கப்படும் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் கடைசியாகப் பெற்ற 15 நாள் ஊதியத்தை நிறுவனம் மறுதிறன் நிதியில் கட்ட வேண்டும், அது 45 நாளுக்குள் அவர் கணக்குக்கு வர வேண்டும் என்றும் அது சொல்கிறது.

ஐ.டி. ஊழியர் "தொழிலாளி" என்ற வரையறைக்குள் வருவாரா? தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்குத் தனி வரலாறு உண்டு. 2015 ஜனவரியில், கர்ப்பிணியாக இருந்த ஒரு பெண் பொறியாளரை வேலையைவிட்டு நீக்கச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ஐ.டி. நிறுவனங்களுக்கும் தொழிற்சங்கச் சட்டம் பொருந்தும், ஊழியர்கள் சங்கம் வைக்கலாம் என்று மாநிலத் தொழிலாளர் துறை 2016இல் தெளிவுபடுத்தியது. 2015இல் நீக்கப்பட்ட இன்னொரு பொறியாளரைச் சம்பள பாக்கியோடு திரும்பச் சேர்க்கச் சொல்லி 2022இல் சென்னைத் தொழிலாளர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பதவியின் பெயரைவிட, ஆள்களை வேலை வாங்கும் அதிகாரம் உண்மையில் இருந்ததா, அவரே உட்கார்ந்து தொழில்நுட்ப வேலை செய்தாரா என்பதுதான் பார்க்கப்படுகிறது. ஏழு வருடக் காத்திருப்பு என்பதையும் மறக்க வேண்டாம். நீதிமன்றத்தை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. ஆனால் உரிமை தெரிந்தவராக மேஜையில் உட்கார்ந்தால் ஒன்றிரண்டு மாதச் சம்பளமாவது கூடுதலாகப் பேச முடியும்.

சட்டத்தில் வரக்கூடிய பணத்தை ஒரு தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். கிராஜுவிட்டிக்கு உதாரணம்: கணக்கில் கொள்ளும் மாத ஊதியம் 40,000 ரூபாய், வேலை 11 வருடம் என்றால், 40,000ஐ 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கி, பிறகு 11ஆல் பெருக்க வேண்டும். சுமார் 2,53,800 ரூபாய் வரும். புதிய தொகுப்புச் சட்டங்களின்படி படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதிக்கு மேல் போனால் மிச்சமும் ஊதியமாகவே சேரும். ஆகவே அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்துக் காட்டிய இடங்களில் தொகை கூட வரலாம். வேலையைவிட்டு நீக்கிய இரண்டு வேலைநாளுக்குள் சம்பள பாக்கியைத் தர வேண்டும் என்பதும் இப்போது சட்டம். 45 நாள், 60 நாள் என்று செட்டில்மென்ட்டை இழுக்கும் பழக்கத்துக்கு இதை எடுத்துக்காட்டிக் கேட்கலாம்.

வருங்கால வைப்பு நிதியை முடிந்தவரை கடைசியில் தொட வேண்டும். வேலை போனால் 75 சதவீதத்தை உடனே எடுக்கலாம், மீதிக்கு 12 மாதம் காத்திருக்க வேண்டும் என்று 2025 அக்டோபரில் அதன் மத்திய அறங்காவலர் குழு முடிவு செய்தது. பத்து வருடச் சேவை முடியும் முன் பென்ஷன் பகுதியை எடுத்துவிட்டால் ஓய்வூதியத்துக்கான கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். குரூப் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு முடிந்துபோகிறது. அதற்கு முன்பே அதே காப்பீட்டு நிறுவனத்திடம் தனிநபர் பாலிசிக்கு மாற்றித் தரச் சொல்லி எழுதினால், ஏற்கெனவே கழிந்த காத்திருப்புக் காலம் கணக்கில் வரும். பெற்றோருக்கு வயதான வீட்டில் இந்த ஒரு கடிதம் லட்சக்கணக்கில் மிச்சப்படுத்தும். வீட்டுக்கடன் வங்கிக்கும் தவணை தவறுவதற்கு முன்பே போய்ப் பேசுவது நல்லது. 90 நாள் தவணை நின்றால் வாராக்கடன் என்று பதிவாகிவிடும், அதன் பிறகு பேரம் பேசும் இடம் குறைந்துவிடும்.

ஆள் எடுப்பவர் எதைத் தேடுகிறார்

நவ்க்ரி வேலைத் தளத்தில் ஒரு நாளைக்கு 50 இடங்களுக்கு விண்ணப்பித்து, ஒரு பதிலும் வராமல் மனம் ஒடிந்தவர்கள் ஏராளம். வேலை தேடும் வழிகளைப் பற்றி உலகில் நிறைய ஆராய்ச்சி நடந்திருக்கிறது. 1970களில் மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் அமெரிக்காவின் நியூட்டன் நகரில், தெரிந்தவர் மூலமாக வேலை பெற்றவர்களிடம் அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டார். அடிக்கடி பார்க்கும் நெருக்கமானவர் மூலம் வேலை பெற்றவர்கள் ஆறில் ஒருவர்தான். மற்ற எல்லாருக்கும் எப்போதாவது பார்க்கும், ஏன், மறந்தேபோன பழைய ஆள்கள்தான் வழி காட்டியிருந்தார்கள். லிங்க்ட்இன்னில் இரண்டு கோடிப் பேரின் தரவுகளைக் கொண்டு நடந்து 2022இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வும் ஏறக்குறைய இதையே உறுதிசெய்தது. மிக நெருக்கமும் இல்லாத, முற்றிலும் அந்நியமும் இல்லாத உறவுகளே வேலைமாற்றத்துக்கு அதிகம் உதவுகின்றன.

காரணம் எளிது. பக்கத்து சீட்டு நண்பருக்கும் உங்களுக்கும் தெரிந்த செய்தி ஒன்றுதான். அவருக்கும் இப்போது அதே பயம். 2014இல் ஒரே ப்ராஜெக்டில் இருந்து, பிறகு ஒரு வங்கியின் தொழில்நுட்பப் பிரிவுக்குப் போனவருக்கு வேறு உலகம் தெரியும். உங்கள் வேலையும் தெரியும். அவரிடம் "ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க" என்று கேட்பதைவிட, "உங்க கம்பெனியில பேமென்ட் டீமுக்கு ஆள் எடுக்கறாங்கன்னு பார்த்தேன், அந்த மேனேஜர் யாருன்னு சொல்ல முடியுமா?" என்று கேட்டால் பதில் வர வாய்ப்பு அதிகம். முதல் கேள்வி அவருக்குச் சுமை. இரண்டாவதற்கு இரண்டு நிமிடம் போதும்.

நாள் கடத்தவும் கூடாது. க்ராஃப்ட், லாங்கே, நோட்டோவிடிக்டோ ஆகிய மூன்று பொருளியலாளர்கள் கற்பனை சுயவிவரங்களை ஆயிரக்கணக்கில் அனுப்பிச் செய்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. வேலையின்றி இருக்கும் காலம் கூடக்கூட அழைப்பு குறைகிறது, அந்தச் சரிவு முதல் எட்டு மாதத்திலேயே பெரும்பாலும் நடந்துவிடுகிறது என்று அது காட்டியது. நம் ஊர் ஹெச்.ஆர். கேட்கும் "கேப் ஏன்?" என்ற கேள்வியும் இதே மனப்போக்குதான். அந்தக் கேள்விக்குப் பொய் சொல்லவே கூடாது. பி.ஜி.வி. எனப்படும் பின்னணிச் சோதனையில் வைப்பு நிதிக் கணக்கே எல்லாத் தேதியையும் காட்டிக்கொடுத்துவிடும். "நிறுவனத்தில் ஆள்குறைப்பு, என் ப்ராஜெக்ட் மூடப்பட்டது" என்று நேராகச் சொன்னால் போதும்.

இப்போது சுயவிவரத்துக்கு வருவோம். சென்னையில் 14 வருடம் மென்பொருள் சோதனை வேலை பார்த்த ஒருவரின் சுயவிவரம் பெரும்பாலும் இப்படி இருக்கும்: "மேனுவல் டெஸ்டிங், செலினியம், ஜிரா, எஸ்.க்யூ.எல்., அஜைல்." இதே வரி நான்கு வருட அனுபவக்காரரிடமும் இருக்கும், மூன்றில் ஒரு பங்குச் சம்பளத்துக்கு. இதில் அவருடைய பத்து வருடம் காணாமல் போய்விட்டது. பேசிப் பார்த்தால், அத்தனை வருடமும் ஓர் அமெரிக்க மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்துக்காக உழைத்தவர் அவர் என்று தெரியவரும். மருத்துவமனை அனுப்பும் 837 என்ற கோரிக்கைக் கோப்பு உள்ளே நுழைவதிலிருந்து, 835 என்ற பணப்பட்டுவாடா அறிக்கை வெளியே போகும் வரை ஒவ்வொரு படியும் அவருக்கு அத்துபடி. 2015 அக்டோபர் 1 அன்று அமெரிக்கா முழுக்க நோய்க் குறியீடுகள் ஐ.சி.டி.-9இலிருந்து ஐ.சி.டி.-10க்கு மாறியபோது இரவு பகலாக உட்கார்ந்தவர்களில் அவரும் ஒருவர். ஒரு கிளெய்ம் ஏன் நிராகரிக்கப்படுகிறது, எந்தக் குறியீட்டுச் சேர்க்கையை இயந்திரம் தவறாக ஏற்றுக்கொள்ளும் என்பது அவருக்குத் தெரியும். இவை எதுவும் சுயவிவரத்தில் இல்லை!

இவர் தேட வேண்டியது "டெஸ்டிங் லீட்" வேலையை மட்டும் அல்ல. சென்னையில் அமெரிக்க மருத்துவமனைகளுக்குப் பில் போட்டுப் பணம் வசூலித்துத் தரும் நிறுவனங்கள் நிறைய இருக்கின்றன. அவற்றின் பிசினஸ் அனலிஸ்ட், புராடக்ட், தர ஆய்வு வேலைகளுக்கு இவர் பொருத்தமானவர். சோதனைக்கான நிரலை இன்று ஏ.ஐ. எழுதிவிடும். எழுதியது சரியா என்று சொல்ல, கிளெய்ம் தெரிந்த ஆள் வேண்டும். வங்கிப் பணப்பரிமாற்றத்தில் இருந்தவருக்கும் இப்படித்தான். ஸ்விஃப்ட் செய்திகள் பழைய வடிவத்திலிருந்து ஐ.எஸ்.ஓ. 20022க்கு மாறிய வேலையில் ஈடுபட்டவர் "ஜாவா டெவலப்பர்" என்று மட்டும் தன்னை எழுதிக்கொண்டால் கையில் இருக்கும் பணத்தைத் தானே மறைத்துவைப்பது போலாகும்.

இதற்கு ஆராய்ச்சி ஆதாரமும் இருக்கிறது. ஜேக்கப்சன், லலோண்ட், சல்லிவன் ஆகிய மூவரும் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், நீண்ட காலம் ஒரே இடத்தில் உழைத்து ஆள்குறைப்பில் வேலை இழந்தவர்களைப் பல வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். 1993இல் வந்த அவர்கள் கட்டுரைப்படி, ஐந்தாறு வருடத்துக்குப் பிறகும் அவர்களுடைய வருமானம் இருந்திருக்க வேண்டியதைவிடச் சுமார் 25 சதவீதம் குறைவாகவே இருந்தது. துறையே மாறிப் போனவர்களுக்கு இழப்பு இன்னும் அதிகம். ஆகவே "பழசை எல்லாம் மறந்துட்டு புதுசா ஆரம்பிங்க" என்ற ஊக்கப் பேச்சை 42 வயதுக்காரர் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இடங்கள்

இன்றைக்கு அனுபவசாலிகளை அதிகம் எடுப்பவை ஜி.சி.சி. எனப்படும், வெளிநாட்டு நிறுவனங்கள் இங்கே தாமே நடத்தும் மையங்கள். 2023–24இல் இந்தியாவில் இவை 1,700க்கு மேல் இருந்தன, சுமார் 19 லட்சம் பேர் வேலை பார்த்தார்கள் என்பது ஐ.டி. துறை அமைப்பான நாஸ்காமின் கணக்கு. சென்னைக்கு இது புதிதல்ல. ஸ்டாண்டர்டு சார்டர்ட் வங்கியும் உலக வங்கியும் 2001இலேயே இங்கே பின்னணி அலுவலகங்களைத் தொடங்கிவிட்டன. ஆஸ்ட்ராஜெனெகா, கேட்டர்பில்லர், யு.பி.எஸ். என்று மருந்து, இயந்திரம், சரக்குப் போக்குவரத்து நிறுவனங்களும் இருக்கின்றன. இங்கே பில் கணக்கு கிடையாது, பெஞ்ச் கிடையாது. தங்கள் தொழிலைப் புரிந்தவரை எடுக்கிறார்கள். முன்பு எந்த வாடிக்கையாளருக்காக வேலை பார்த்தீர்களோ அவர்களோ அவர்களுடைய போட்டியாளரோ இங்கே மையம் வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. வேலை ஒப்பந்தத்தில் வாடிக்கையாளரிடம் சேரக்கூடாது என்ற நிபந்தனை எத்தனை மாதத்துக்கு இருக்கிறது என்பதையும் படித்துவிட வேண்டும். நேர்காணல் ஐந்தாறு சுற்று போகும், இரண்டு மூன்று மாதம் எடுக்கும். கையில் பணம் இருப்பவரால்தான் அதுவரை தாக்குப்பிடிக்க முடியும். இவையும் தாய் நிறுவனம் தும்மினால் ஆட்டம் காணும் இடங்கள்தான் என்பதையும் சொல்ல வேண்டும்.

உள்ளூர் புராடக்ட் நிறுவனங்கள் நமக்குப் பெருமை. ஜோஹோ பட்டத்தைப் பார்க்காமல் ஆள் எடுத்துப் பயிற்சி தருகிறது, தென்காசி பக்கம் மத்தளம்பாறையிலும் அலுவலகம் நடத்துகிறது. ஆனால் அவர்கள் தேடுவது கையால் நிரல் எழுதுபவரை. பத்து வருடமாக ஆள்களை மேற்பார்த்து, எக்செல் நிரப்பிக்கொண்டிருந்த மேனேஜருக்கு அங்கே நேர்காணல் கடினம். அவர் மூன்று மாதமாவது மறுபடி உட்கார்ந்து எழுதிப் பழக வேண்டும். 2021இல் நாஸ்டாக்கில் பட்டியலான ஃப்ரெஷ்வொர்க்ஸே 2024 நவம்பரில் சுமார் 660 பேரை அனுப்பியது. பாதுகாப்பான தீவு என்று எதையும் எண்ண முடியாது.

ஆலைகளை ஐ.டி.காரர்கள் கவனிப்பதே இல்லை. 2024–25இல் தமிழ்நாட்டின் மின்னணு ஏற்றுமதி 1,465 கோடி டாலர். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் ஆலைகளில் உற்பத்தி வரிசைத் தரவு, எஸ்.ஏ.பி., கிடங்கு மேலாண்மை, சைபர் பாதுகாப்பு என்று மென்பொருள் வேலைகள் கூடிவருகின்றன. சம்பளம் குறையும், ஷிஃப்ட் உண்டு, ஏ.சி. பேருந்து இருக்கும் என்று சொல்ல முடியாது. பொறியியலில் மெக்கானிக்கலோ எலெக்ட்ரானிக்ஸோ படித்துவிட்டு ஐ.டி.க்கு வந்தவர்களுக்கு இது திரும்பிப் போகும் வழி. ஊருக்குத் திரும்ப நினைப்பவர்களுக்குக் கோயம்புத்தூர் உண்மையான சந்தை. விழுப்புரம், தஞ்சாவூர், சேலம் ஆகிய ஊர்களில் 2024இல் திறந்த மினி டைடல் பூங்காக்கள் இன்னும் சிறியவை. வேலை உறுதியான பிறகு வீட்டைக் காலி செய்வது நல்லது.

கற்பிக்கும் ஆசை பலருக்கு உண்டு. 2022இல் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த 'நடைமுறைப் பேராசிரியர்' விதியில் பி.ஹெச்டி. வேண்டாம், 15 வருட அனுபவம் வேண்டும். ஆனால் அது தற்காலிகப் பணி, அதிகபட்சம் நான்கு வருடம். நான் முதல்வன் திட்டப் பயிற்சிகளிலும் தனியார் பயிற்சி நிலையங்களிலும் பகுதி நேரமாகச் சொல்லித்தரலாம். முழுச் சம்பளத்துக்கு மாற்றாக இதை எண்ண முடியாது. தேடும் காலத்தில் வருமானமும் தொடர்பும் தரும்.

சொந்தத் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டும். செட்டில்மென்ட் பணம் வந்த மூன்றாவது வாரத்தில் டீக்கடை ஃபிரான்சைஸ், செக்கு எண்ணெய், ஆட்டுப் பண்ணை என்று இறங்குபவர்களைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. தெரியாத தொழிலில் மொத்தச் சேமிப்பையும் போடுவதற்கு முன், அந்தத் தொழில் செய்பவரிடம் ஆறு மாதமாவது சம்பளத்துக்கு வேலை பார்க்க வேண்டும். தெரிந்த தொழிலிலேயே இறங்குபவருக்கு மாநில அரசின் நீட்ஸ் திட்டத்தில் 25 சதவீதம், அதிகபட்சம் 75 லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு. வயது வரம்பை முதலில் பார்த்துக்கொண்டு மாவட்டத் தொழில் மையத்தை அணுகலாம்.

வெளிநாட்டுக் கதவு அமெரிக்கப் பக்கம் குறுகிவிட்டது. அங்கேயே ஹெச்-1பியில் இருந்து வேலை இழப்பவருக்கு 60 நாள் அவகாசம்தான். வெளியே இருப்பவருக்காகப் போடும் புதிய விண்ணப்பத்துக்கு 2025 செப்டம்பரில் ஒரு லட்சம் டாலர் கட்டணம் அறிவிக்கப்பட்டது. ஜெர்மனி 2024இல் இந்தியர்களுக்கான திறன் விசாவை வருடத்துக்கு 20,000இலிருந்து 90,000ஆக உயர்த்தப்போவதாகச் சொன்னது. மொழி படிக்கப் பொறுமை இருப்பவர்களுக்கு அது வழி.

வேலை போன குடும்பங்களைக் குறிவைத்து அலையும் கூட்டத்தைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். "பேக்டோர்" என்று லட்சக்கணக்கில் பணம் கேட்பவர்கள், போலி அனுபவச் சான்று விற்பவர்கள், வேலை உத்தரவாதம் என்று கடனில் படிப்பைத் தள்ளிவிடுபவர்கள். மிகக் கொடியது, தாய்லாந்தில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை என்று அழைத்துப்போய் மியான்மரில் இணைய மோசடிக் கூடங்களில் அடைத்துவைப்பது. 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகமே ஐ.டி. படித்தவர்களை எச்சரித்தது. மீட்கப்பட்டு வந்தவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் இருந்தார்கள். வேலை தருபவர் பணம் கேட்டால் அது வேலை இல்லை.

அரசும் நிறுவனமும்

இப்படி மொத்தமாக வேலை போவதைத் தமிழ்நாடு ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருக்கிறது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1 அன்று மூடப்பட்டது. அந்த வருடமே ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் விருப்ப ஓய்வில் போயிருந்தார்கள். பெரும்பாலோர் இருபது சொச்சம் வயதுப் பெண்கள். அதே வளாகத்தில் சால்காம்ப் நிறுவனம் மறுபடி வேலை தொடங்க 2020 ஆனது. அந்த வயதில் ஐந்தாறு வருடம் யாரும் காத்திருக்க முடியாது.

அதே நோக்கியா 2011இல் உலக அளவில் 18,000 பேரைக் குறைக்கும் முன் 'பிரிட்ஜ்' என்ற திட்டத்தைப் பின்லாந்திலும் பிற நாடுகளிலும் நடத்தியது. உள்ளே வேறு வேலை, வெளியே வேலை, சொந்தத் தொழில், புதுப் படிப்பு, சொந்த வழி என்று ஐந்து பாதைகள். ஆளுக்குச் சுமார் 2,800 யூரோ, மொத்தம் 5 கோடி யூரோ செலவு. வேலை முடியும் நாளில் 60 சதவீதம் பேருக்கு அடுத்து என்ன என்பது தெரிந்திருந்தது. நிறுவனத்தின் மறுசீரமைப்புச் செலவில் இது 4 சதவீதம்தான். ஆகவே பணம் இல்லாததால் செய்யவில்லை என்று எந்தப் பெரிய நிறுவனமும் சொல்ல முடியாது.

நம் நாட்டில் வேலை இழந்தவருக்கு மூன்று மாதம் பாதிச் சம்பளம் தரும் இ.எஸ்.ஐ. திட்டம் ஒன்று இருக்கிறது. மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குவோருக்கே அது. வருமான வரி முழுதாகக் கட்டிய ஐ.டி. ஊழியருக்கு வேலை போனால் ஒரு ரூபாய்ப் பாதுகாப்பும் இல்லை. ஊழியரும் நிறுவனமும் சம்பளத்தில் சிறு பகுதி கட்டும் வேலையிழப்புக் காப்பீடு ஒன்றை மாநில அரசாவது தொடங்க வேண்டும். எத்தனை பேர் எந்தத் துறை அனுபவத்தோடு வெளியே வருகிறார்கள் என்ற கணக்கையாவது தொழிலாளர் துறை நிறுவனங்களிடம் கேட்டு வாங்க வேண்டும். புதிய ஜி.சி.சி.களை அழைக்கும்போது அந்தக் கணக்கைக் காட்டலாமே!

மனத்தைப் பற்றிப் பேசாமல் போகக்கூடாது. காலையில் ஐ.டி. கார்டை மாட்டிக்கொண்டு கிளம்பி மாலை வரை பூங்காவில் உட்கார்ந்திருக்கிறவர்கள் உண்டு, வீட்டில் சொல்லப் பயந்து. முதல் நாளே மனைவியிடம், கணவரிடம், முடிந்தால் பள்ளி போகும் பிள்ளையிடமும் சொல்லிவிடுங்கள். செலவைக் குறைக்கும் முடிவை அவர்களோடு சேர்ந்துதான் எடுக்க முடியும். தூக்கம் போய் உயிரின் மேலேயே வெறுப்பு வந்தால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள்.

வேலையில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பழைய சக ஊழியரிடமிருந்து இந்த வாரம் ஒரு செய்தி வந்திருக்கும். என்ன சொல்வது என்று தெரியாமல் திறக்காமலே விட்டிருப்பீர்கள். திறந்து, அன்றைக்கே பதில் எழுதுங்கள். உங்கள் நிறுவனத்தில் அவருக்கான இடம் இருந்தால் ரெஃபரல் போடுங்கள். அவர் செய்த வேலையைப் பற்றி மேனேஜரிடம் மூன்று வரி சொல்லுங்கள். இடம் இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிட்டு, ஆள் எடுக்கும் வேறு ஒருவரின் பெயரைக் கொடுங்கள்.